மகனுக்காக வந்தவர்

ஜூலை 2, ஞாயிறு

இன்று காலை ஆராதனையில் வேதபாடம் வாசிக்கும் முறை என்னுடையது. ஒரே வசனத்தை இரண்டு தடவை வாசித்துவிட்டேன். பிறகு எந்த வரியில் நிற்கிறேன் என்று தெரியாமல் சற்று நேரம் நின்றேன். உபதேசியார் பக்கத்தில் வந்து என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். பிடித்திருக்க வேண்டியதில்லை. மூக்குக்கண்ணாடி பழையது, மாற்ற வேண்டும்.

ஆராதனை முடிந்து வாசலில் கைகுலுக்கும்போது குருவானவர் தணிந்த குரலில் சொன்னார்: “அண்ணாச்சி, வாசிப்புக்குக் கொஞ்ச நாள் வேற ஆளப் போட்டுக்கிடுதேன். மொதல்ல கண்ணக் காட்டுங்க.” கண் என்றுதான் சொன்னார். ஆனால் சொல்லும்போது முகத்தைச் சற்று விலக்கிக்கொண்டு சொன்னார்.

வீடு வரும் வரை என் மனைவி பியூலா எனக்கு முன்னால் வேகமாக நடந்தாள். மத்தியானம் குரோட்டன்ஸ் தொட்டிகளை நிழலுக்கு மாற்றினேன். வேப்பம் புண்ணாக்கு மூட்டையைச் சரிப்படுத்தி மூலையில் வைத்தேன்.

ஜூலை 3, திங்கள்

கண் மருத்துவரிடம் போனேன். கண்ணாடியில் குறை இல்லையாம்.

ஜூலை 5, புதன்

பேரப்பிள்ளை ஜெமியைப் பள்ளியிலிருந்து அழைத்து வருவது இரண்டு ஆண்டுகளாக என் வேலை. இனிமேல் தானே போவதாக மருமகள் ஷைனி சொன்னாள். “வெயிலு ரொம்ப அடிக்கி மாமா. ஒங்களுக்கு எதுக்கு செரமம்?”

சரி என்றேன். இன்று முழுவதும் மேகமூட்டம்.

மாலையில் சுபேதார் வீட்டுக்குப் போய்ச் சற்று நேரம் பேசிவிட்டு வந்தேன். ராணுவத்தில் இருந்தவர், கேன்டீனில் எல்லாம் கிடைக்கிறது அவருக்கு. பை கொண்டுபோயிருந்தேன்.

ஜூலை 7, வெள்ளி

பியூலாவுக்குச் சர்க்கரை மாத்திரை வாங்கப் போன ஆஸ்பத்திரியில், மருந்து கொடுக்கும் ஜன்னலுக்கு அருகில் ஓர் அறிவிப்பு ஒட்டியிருந்தார்கள். குடியை நிறுத்த விரும்புகிறவர்கள், ஏற்கெனவே நிறுத்தியவர்களோடு கூடிப் பேசும் கூட்டங்களைப் பற்றியது. கட்டணம் இல்லை, முழுப்பெயர் சொல்ல வேண்டாம் என்று போட்டிருந்தது. எண்ணைக் குறித்துக்கொண்டேன். தெரிந்த யாருக்காவது பயன்படும்.

ஜூலை 10, திங்கள்

மொட்டை மாடிக்குத் துணி எடுக்கப் போனபோது அந்த எண்ணுக்குப் பேசினேன். ஓர் ஆண் குரல். பின்னால் மரம் அறுக்கும் சத்தம் கேட்டது.

“சொல்லுங்க.”

தெரிந்தவர் ஒருவருக்காக விசாரிக்கிறேன் என்றேன்.

“தெரிஞ்சவருக்கா? நல்லது. நானும் மொதல்ல தெரிஞ்சவருக்குத்தான் கேட்டேன்,” என்று சிரித்தார். “அவருக்கு என்ன வயசு?”

“எழுபதுக்குப் பக்கம்.”

“அப்ப அவர்ட்ட சொல்லுங்க, பட்டுனு தானா நிறுத்திறப்புடாது. வயசானவங்களுக்கு ஒதறல் எடுத்து ஆளத் தூக்கிரும். டாக்டரப் பாத்துக்கிடணும். கூட்டத்துக்கு எப்பம் வேணாலும் வரலாம். எந்த ஊரு?”

பாளையங்கோட்டையிலேயே இரண்டு இடங்களில் கூட்டம் உண்டாம். தூத்துக்குடியில் இருக்கிறதா என்று கேட்டேன். சனிக்கிழமை சாயங்காலம், ஒரு கத்தோலிக்கப் பள்ளிக்கூடத்தில் என்றார். அது பொருத்தமாகப் பட்டது. நாங்கள் தென்னிந்தியத் திருச்சபை. கடற்கரைக் கத்தோலிக்கரில் எனக்குத் தெரிந்தவர்களும் இல்லை, என்னிடம் தாவரவியல் படித்தவர்களும் நினைவுக்கு வரவில்லை.

இவ்வளவு யோசித்தது தெரிந்தவருக்காகத்தானா என்று இதை எழுதும்போது தோன்றுகிறது. இந்த வரியை அடித்துவிடலாம் என்று பார்த்தேன். இருக்கட்டும்.

ஜூலை 15, சனி

பழைய சக ஆசிரியர் ஒருவரைப் பார்க்கத் தூத்துக்குடி போவதாகப் பியூலாவிடம் சொன்னேன். யாரை என்று அவள் கேட்கவில்லை. கேட்டால் சொல்ல ஒரு பெயர் வைத்திருந்தேன்.

பள்ளிக்கூடத்தைக் கண்டுபிடிக்கச் சிரமம் இல்லை. மைதானத்தின் கோடியில் ஓட்டுக் கட்டடம், அதில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு வகுப்பறைகள். முதல் அறை வாசலில் ஆண்கள் நாலைந்து பேர் தேநீர்க் குவளையுடன் நின்றிருந்தார்கள். குடிகாரர்கள் எப்படி இருப்பார்கள் என்று என் மனதில் ஒரு படம் இருந்திருக்கிறது. அப்படி யாரும் இல்லை. ஒருவர் எதையோ சொல்ல மற்றவர்கள் வாய்விட்டுச் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பைக் கேட்டதும் பாதி மைதானத்தில் நின்றுவிட்டேன். திரும்பிப் போயிருப்பேன்.

கையில் பிளாஸ்க்குடன் ஒரு பெண்மணி பின்னாலிருந்து வந்தார். ஐம்பது வயதிருக்கும், கட்டையான உருவம், உரத்த குரல்.

“ஐயா, கூட்டத்துக்கா? யாருக்காக வந்திருக்கிய? மகனா?”

நான் வெள்ளை வேட்டி கட்டியிருந்தேன். குளித்து, சவரம் செய்து, நெற்றிமுடியை நீர் தொட்டு வாரியிருந்தேன். என்னைப் பார்த்தால் அவருக்கு அப்படித்தான் தோன்றியிருக்கும்.

“ஆமா,” என்றேன்.

“அப்ப அந்த ரூமு இல்ல, அது குடிச்சவங்களுக்கு. குடும்பத்து ஆளுக நாம இங்கன. வாங்க.”

இரண்டாவது அறையில் பெண்கள் மட்டும் பத்துப் பேர். எல்லோருமே மனைவிமார்கள். மரியசெல்வி என்கிற அந்தப் பெண்மணிதான் கூட்டத்தை நடத்துகிறவர். அவருடைய கணவர் குடியை விட்டு வருடங்கள் ஆகின்றனவாம், அடுத்த அறையில் இருக்கிறாராம். என்னைக் காட்டி, “நம்ம கூட்டத்துக்கு மொத மொதலா ஒரு தகப்பன் வந்திருக்காரு. எந்த அப்பனாவது இப்படி வந்து பாத்திருக்கமா?” என்றார். எல்லோரும் கை தட்டினார்கள். ஒரு பெண் எழுந்து எனக்கு மின்விளக்கின் கீழே நல்ல நாற்காலியாகப் பார்த்துப் போட்டாள்.

மகனின் பெயரைக் கேட்டார்கள். வேறு பெயர் வாயில் வரவில்லை. ஆல்வின் என்றேன்.

என் மகன் ஆல்வின் உயர்நிலைப் பள்ளி ஆசிரியன். கல்யாண வீட்டில் சோடா குடித்தால்கூட மூடியை முகர்ந்து பார்த்துக் குடிப்பவன்.

ஜூலை 16, ஞாயிறு

கோயிலில் கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். நேற்று நான் சொன்னது பொய் என்பதைவிட, அதற்குக் கை தட்டல் கிடைத்தது என்பது உறுத்துகிறது. இனிப் போகக் கூடாது.

ஜூலை 22, சனி

போனேன்.

முதல் அறையைத் தாண்டித்தான் இரண்டாவது அறைக்குப் போக வேண்டும். தாண்டும்போது உள்ளே பார்க்கவில்லை.

இன்று உமா என்ற இளம்பெண் பேசினாள். அவள் கணவன் உப்பளத்தில் கணக்குப் பார்ப்பவன். “அவருக்கு, ஒளிச்சு வச்சா யாருக்கும் தெரியாதுன்னு நெனப்பு. அரிசிப் பானைக்குள்ள வச்சாரு. சோறு வடிக்கவ நாந்தான, எனக்குத் தெரியாதா? வெளிய எடுத்து, எவ்வளவு கொறஞ்சிருக்குன்னு பாத்துட்டு, அப்படியே திரும்ப வச்சிருவேன்.”

“எங்க வீட்டாளு தண்ணி டேங்குக்குள்ள கயறு கட்டித் தொங்கவிட்டாருல்லா,” என்றார் மரியசெல்வி. “மீன் புடிக்க மாதிரி மேல ஏறி இழுப்பாரு. கீழ நின்னு நாங்கேப்பேன், ‘என்ன இன்னைக்கு வெளமீனா, சாளையா’ன்னு.”

அறையே சிரித்தது. நானும் சிரித்தேன். சத்தமாகச் சிரித்துவிட்டேன் போல, உமா என்னைப் பார்த்தாள்.

அதன்பின் மூலையில் இருந்த ஒருத்தி, நடு வயது, பெயர் சொல்லவில்லை, மெதுவாகப் பேசினாள். “எங்க வீட்ல அடி கெடையாது, ஏச்சு கெடையாது. எல்லாரும் நல்ல மனுசம்பாங்க. நல்ல மனுசந்தான். ஆனா சாயங்காலம் ஆச்சுன்னா ஆளே இல்ல. நாற்காலில உக்காந்திருப்பாரு, ஆனா இருக்க மாட்டாரு. நா ஒரு நாளு காய்ச்சல்ல விழுந்து கெடந்தேன். மறுநாளு காலைல ‘நேத்து ஏன் வெளக்குப் போடல’ன்னு கேக்காரு. அடிச்சிருந்தாலும் தேவலன்னு இருந்துச்சு. அடிக்கதுக்காவது நம்மளப் பாக்கணும்லா.”

நான் பியூலாவைக் கைநீட்டி அடித்ததில்லை. ஒரு கடுஞ்சொல்கூடச் சொன்னதில்லை. இந்தக் கணக்கை வைத்துக்கொண்டுதான் இத்தனை நாள் இரவு தூங்கியிருக்கிறேன்.

வீட்டுக்கு வந்து தோட்டத்து மூலைக்குப் போனேன். புண்ணாக்கு மூட்டையின் வாயைச் சணலால் நான் சுருக்கு முடிச்சுப் போட்டுத்தான் கட்டுவேன். இன்று அது இரட்டை முடிச்சாக இருந்தது. பியூலா ஊறுகாய்ச் சாடிக்குத் துணி கட்டுகிற முடிச்சு.

எலி ஏதாவது வந்து, அவள் பார்த்துக் கட்டியிருக்கலாம்.

ஜூலை 24, திங்கள்

எலி இல்லை.

ஜூலை 29, சனி

பனிமய மாதா திருவிழா நடப்பதால் பேருந்தில் நிற்க இடமில்லை. கூட்டத்துக்கு வந்தவர்களும் குறைவு. முடிந்ததும் மரியசெல்வி எனக்கு டீ ஊற்றிக் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

“ஐயா, நீங்க மட்டும் வந்து அழுதுட்டுப் போனா தம்பி திருந்திருவாரா? எங்க முறை ஒண்ணு உண்டு. குடிச்சு விட்டவங்க ரெண்டு பேரு வீட்டுக்கே போவாக. புத்தி சொல்ல மாட்டாக. அவுக கதையச் சொல்லுவாக, அவ்வளவுதாம். எங்க வீட்டுக்காரரு அப்பிடித்தான் வெளிய வந்தாரு. ஒங்க ஊர்லயே ஆளுக இருக்காக, அனுப்பட்டா?”

“அவன் வீட்டில் இருப்பது அபூர்வம்,” என்றேன்.

“ஞாயித்துக்கெழம மத்தியானம் சோத்துக்கு இருப்பாருல்லா?”

“இருப்பான்.”

“வீடு எங்கன?”

சொன்னேன். தெருப்பெயர், தண்ணீர்த் தொட்டிக்கு எதிரே, பச்சைக் கேட், வாசலில் பவழமல்லி. ஒரு மகனையே குடிகாரனாக்கிச் சொன்ன வாய்க்குப் பொய் முகவரி சொல்ல வரவில்லை. பேருந்தில் நினைத்துப் பார்த்தபோது எனக்கே என் புத்தி விளங்கவில்லை. வகுப்பில் ஒரு செடியின் பெயரைத் தப்பாகச் சொல்லிவிட்டு, இலை நரம்புகளை மட்டும் பிழையில்லாமல் வர்ணித்தது போல.

தொலைபேசியில் அழைத்து வேண்டாம் என்று சொல்லிவிட வேண்டும்.

ஆகஸ்ட் 1, செவ்வாய்

அழைக்கவில்லை.

ஆகஸ்ட் 5, சனி

திருவிழாவின் கடைசி நாள், கூட்டம் இல்லை. இரண்டு நாளாக மூட்டைப் பக்கம் போகாமல் இருந்து பார்த்தேன். காலையில் டீ டம்ளர் கையில் நிற்கவில்லை, வேட்டியெல்லாம் டீ. சட்டென்று நிறுத்தக் கூடாது என்று அந்தத் தொலைபேசிக்காரர் சொன்னது ஞாபகம் வந்தது. ஞாபகம் வருவதற்கு அது வசதியான ஞாபகம். சுபேதார் வீட்டுக்குப் போனேன்.

ஆகஸ்ட் 6, ஞாயிறு

நடந்ததை நடந்தபடி எழுதப் பார்க்கிறேன்.

சாப்பாடு முடிந்து ஷைனியும் ஜெமியும் மாடிக்குப் போய்விட்டார்கள். ஆல்வின் கூடத்தில் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தான். கேட் சத்தம் கேட்டு நான்தான் போனேன். இரண்டு பேர். ஒருவர் மின்வாரியத்தில் ஓய்வு பெற்ற ராஜமணி. மற்றவர் இசக்கிப்பாண்டி, சமாதானபுரத்தில் டயர்க் கடை வைத்திருப்பவர். “தூத்துக்குடி மரியசெல்வி அக்கா சொன்னாக. தம்பி இருக்காப்லயா?” என்றார்கள்.

இல்லை என்று சொல்ல வாய் திறந்தேன். அதற்குள் ஆல்வின் வாசலுக்கு வந்துவிட்டான்.

இசக்கிப்பாண்டிக்கு முகம் மாறியது. “சார்... நீங்களா? எங்க ஜோதி ஒங்க கிளாஸுதான் சார், பத்தாம் வகுப்பு.”

“வாங்க, உள்ள வாங்க. என்ன விசயம்?” என்றான் ஆல்வின்.

உட்கார்ந்தார்கள். இசக்கிப்பாண்டி செருப்பைக் கழற்றிய இடத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, பிறகு பேசினார். “சார், வெக்கப்படாதிய. இங்க பேசுதது இந்தக் கேட்டத் தாண்டாது, எம்மகளுக்கும் தெரியாது. நாங் கெடந்த கெடைக்கு நீங்க ஒண்ணுமேயில்ல. கடைல டயருக்குள்ள தலைய வச்சுக்கிட்டுத் தூங்குனவன் நானு. ஒங்க அப்பா இந்த வயசுல, ஒங்களுக்காகத் தூத்துக்குடி வரைக்கும் பஸ்ஸேறி வந்து கூட்டத்துல உக்காந்திருக்காரு. அந்த மனசுக்காகவாது...”

ஆல்வின் என்னைத் திரும்பிப் பார்த்தான். நான் சுவரோரம் நின்றுகொண்டிருந்தேன். அவன் பார்வையில் கோபம் இருந்திருந்தால் நான் உண்மையைச் சொல்லியிருப்பேன் என்று நினைக்கிறேன். கோபம் இல்லை. ஜெமி மாடிப்படியில் தடுக்கி விழப் போகும்போது அவன் பார்ப்பானே, அந்தப் பார்வை.

“ஆமா,” என்றான். “குடிக்கதுண்டு.”

ராஜமணி கேட்டார், “எத்தன வருசமா தம்பி?”

“ஏழெட்டு வருசம் இருக்கும். மொதல்ல சனிக்கெழம மட்டும்னு இருந்துச்சு. பொறவு சாயங்காலமானா வேணும்னு ஆயிட்டு.”

“கடைல போயி வாங்குவியளா?”

“இல்ல. ஒரு ராணுவக்காரர் தருவாரு.”

“வீட்ல எங்கன வைக்கிய?”

“செடிக்குப் போடுத புண்ணாக்கு மூட்டைல.”

அவன் யோசிக்கவே இல்லை. பாடம் ஒப்பிப்பது போலச் சொன்னான். எல்லாம் சரியாக இருந்தது.

இசக்கிப்பாண்டி முன்னால் சாய்ந்து கேட்டார், “ரொம்ப அவமானமாப் போச்சேன்னு என்னைக்காவது தோணுச்சா சார்?”

ஆல்வின் கையிலிருந்த பேனாவை மூடினான். “அம்மாவுக்கு ஆபரேசன் நடந்த அன்னைக்கு. உள்ள கொண்டு போறதுக்கு முன்னாடி கையெழுத்துப் போட ஆளத் தேடுனாங்க. போன் மேல போன் போட்டாங்க. நா... வீட்ல தூங்கிட்டிருந்தேன்.”

அன்று கையெழுத்துப் போட்டது அவன். பள்ளியிலிருந்து ஓடிப் போய், சாக்பீஸ் தூசியோடு. இந்த மூன்று வருடத்தில் ஒரு தடவைகூட அதை என்னிடம் அவன் சொல்லிக்காட்டியதில்லை.

அப்போதுதான் கவனித்தேன். காப்பித் தட்டுடன் பியூலா சமையலறை வாசலில் நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக நின்றாள் என்று தெரியாது. வந்து, விருந்தினர்களுக்குக் கொடுத்தாள், ஆல்வினுக்குக் கொடுத்தாள். என்னுடைய டம்ளரைப் பாதிதான் நிறைத்திருந்தாள். கை நடுங்கினால் சிந்தாமல் இருக்க. அப்படித்தான் எனக்கு வெகுநாளாகக் காப்பி வருகிறது என்பது இன்றைக்குத்தான் உறைத்தது.

வருகிற சனிக்கிழமை தூத்துக்குடிக் கூட்டத்துக்கே வரும்படியும், துணைக்குத் தாங்களும் வருவதாகவும் சொல்லிவிட்டு அவர்கள் கிளம்பினார்கள். வாசலில் இசக்கிப்பாண்டி என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். “ஒங்கள மாதிரி ஒரு அப்பா எனக்கு இருந்திருந்தா...” என்றார்.

கேட்டைச் சாத்திவிட்டு வந்தேன். ஆல்வின் விடைத்தாளை மறுபடி எடுத்து வைத்திருந்தான். நான் அவன் எதிரில் நின்றேன். என்னைக் கேள், திட்டு என்று நின்றேன்.

“சனிக்கெழம எத்தன மணிக்குப்பா பஸ்சு?” என்றான் தலை நிமிராமல்.

ஆகஸ்ட் 7, திங்கள்

பியூலா வழக்கம் போல இருக்கிறாள். ஷைனி வழக்கம் போல இருக்கிறாள். இந்த வீட்டில் எனக்கு மட்டும் தெரியாமல் இருந்த ஒன்று, எல்லோருக்கும் தெரியும் என்பதுதான்.

ஆகஸ்ட் 9, புதன்

இசக்கிப்பாண்டியிடமாவது உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று டயர்க் கடைக்குப் போனேன். தன் மகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கும் வாத்தியார் குடிகாரன் என்று ஒரு தகப்பன் நினைத்துக்கொண்டிருக்கிறான். அவர் வெளியே சொல்ல மாட்டார். ஆனால் ஒவ்வொரு பெற்றோர் கூட்டத்திலும் ஆல்வினின் கண்ணைப் பார்ப்பார், கையைப் பார்ப்பார், ஒரு நாள் அவனுக்குத் தலைவலி வந்து விடுப்பு எடுத்தால் அதற்கொரு காரணம் நினைத்துக்கொள்வார்.

கடையில் அவர் இருந்தார். லாரி டயரைக் கடப்பாரையால் நெம்பிக்கொண்டிருந்தவர் என்னைக் கண்டதும் போட்டுவிட்டு வந்தார். “வாங்க ஐயா! சார் எப்படி இருக்காரு? திட்டாதிய, பக்கத்துல மட்டும் இருங்க.”

சைக்கிள் டியூப் இருக்கிறதா என்று கேட்டேன். சைக்கிள் சாமான் வைப்பதில்லை என்றார். என்னிடம் சைக்கிளும் இல்லை.

அங்கிருந்து எங்கே போனேன் என்று எழுத வேண்டியதில்லை.

ஆகஸ்ட் 12, சனி

பேருந்தில் ஆல்வின் ஜன்னலோரம், நான் பக்கத்தில். வல்லநாட்டு ஆற்றுப் பாலம் வந்தபோது, “நீ வர வேண்டாம். இறங்கி வீட்டுக்குப் போய்விடு,” என்றேன்.

“அவங்ககிட்ட என்னன்னு சொல்லுவிய?”

கையிலிருந்த பயணச்சீட்டை மடித்தேன், பிரித்தேன்.

“அப்பம் நா வாறேன்,” என்றான்.

“உனக்கு எதற்கடா இந்த அவமானம்?”

“எனக்கு அவமானமா இல்லப்பா. நா குடிக்கல்லல்லா. சொல்லிட்டு வந்திரலாம், லேசு. ஒங்களுக்குத்தான் கஷ்டம்.” ஜன்னல் கண்ணாடியை இழுத்துச் சாத்தினான். “நா ஒரு வாரம் போறேன். ரெண்டு வாரம் போறேன். நீங்க பக்கத்து ரூம்லதான இருப்பிய. என்னைக்காவது இந்தப் பக்கம் வந்துருவியன்னு ஒரு இதுதான்.”

மைதானத்தில் மரியசெல்வி எங்களைக் கண்டதும் கிட்டத்தட்ட ஓடியே வந்தார். “கூட்டிட்டு வந்துட்டியளா! சாதிச்சுட்டிய ஐயா!” ஆல்வினின் முதுகில் தட்டினார். “தம்பி, பயப்படாதிய. உள்ள எங்க வீட்டுக்காரரு இருக்காரு, கடிக்க மாட்டாரு.” ஆல்வின் சிரித்துவிட்டு முதல் அறைக்குள் போனான். இசக்கிப்பாண்டி அவன் தோளில் கை போட்டு அழைத்துப்போவதைப் பார்த்தேன். நான் இரண்டாவது அறைக்குப் போனேன். மின்விளக்கின் கீழே என் நாற்காலி காலியாக இருந்தது. உட்கார்ந்தேன். பெண்கள் எல்லோருக்கும் என்னால் சந்தோஷம். உமா ஒரு லட்டைக் கையில் வைத்தாள்.

சுவரில் மேலே ஒரு சாண் இடைவெளி, ஓட்டுக் கட்டடம் அல்லவா. அந்தப் பக்கத்துக் குரல்கள் கேட்கும். ஒவ்வொருவராகத் தங்கள் பெயரைச் சொல்லி, நான் ஒரு குடிநோயாளி என்று சொன்னார்கள். மற்றவர்கள் பதிலுக்கு வணக்கம் சொன்னார்கள். ராஜமணியின் குரல். இசக்கிப்பாண்டியின் குரல். பிறகு ஒரு நாற்காலி நகரும் சத்தம்.

“எம் பேரு ஆல்வின்.”

நான் எழுந்தது நினைவிருக்கிறது. லட்டு கையிலேயே இருந்தது. மரியசெல்வி “என்னய்யா?” என்றார். வராந்தாவில் ஐந்தாறு எட்டுகூட இருக்காது. முதல் அறையின் வாசலில் நின்றேன். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். ஆல்வின் நின்றபடி, அடுத்த வார்த்தைக்கு வாயைத் திறந்திருந்தான்.

“அவன் இல்லை,” என்றேன். “அவன் குடிக்க மாட்டான். நான்தான். அவன் உங்களிடம் சொன்னதெல்லாம் என்னைப் பற்றித்தான்.”

முப்பத்து நாலு வருடம் வகுப்பெடுத்த குரல் அது. கடைசி வரிசைக்குக்கூடக் கேட்டிருக்காது.

பிறகு கூட்டத்தை நடத்திய நரைத்த மனிதர், அவர்தான் மரியசெல்வியின் கணவர் என்று பிறகு தெரிந்தது, தொண்டையைச் செருமினார். “சரி. அப்பம் தம்பி எந்திரிச்சு அந்த ரூமுக்குப் போங்க. ஐயா, நீங்க இங்கன உக்காருங்க. எடம் மாறி உக்காந்துட்டிய, அவ்வளவுதாம்.”

இசக்கிப்பாண்டி ஆல்வினைப் பார்த்தார். “சார்! ஞாயித்துக்கெழம என்னமா ஒப்பிச்சிய! நானே நம்பிட்டேன்லா.” அவருக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது. மற்றவர்களும் சிரித்தார்கள். ஒரு மாதம் முன்பு என்னை மைதானத்தில் நிறுத்தி வைத்தது இந்தச் சிரிப்புத்தான். அருகில் அது வேறு மாதிரி இருந்தது.

ஆல்வின் என்னைக் கடந்து போகும்போது லட்டை மட்டும் கையிலிருந்து வாங்கிக்கொண்டு போனான்.

உட்கார்ந்தேன். பெயர் சொன்னேன், பாக்கியநாதன் என்று. அடுத்ததையும் சொன்னேன். இன்றைக்கு அது போதும் என்றார்கள்.

கூட்டம் முடிந்து வெளியே வந்தால் மரியசெல்வி நின்றுகொண்டிருந்தார். சிரிக்கவில்லை.

“நல்ல காரியம் செஞ்சிய ஐயா. அத நா கொறை சொல்லல்ல. ஆனா எங்க நடுவுல உக்காந்து எல்லாத்தையும் கேட்டுட்டியள்லா? எங்க புருசங்ககிட்டகூட நாங்க அதச் சொன்னதில்ல. ஒரு குடிக்க மனுசன் முன்னால இப்படி வாயத் தொறந்திருப்பமா? அந்த மூலைல இருந்தாள்லா, அவ இன்னும் அழுதுட்டிருக்கா.”

மன்னிப்புக் கேட்டேன்.

“அவகிட்டக் கேக்கணும். இப்பம் கேக்காதிய,” என்று சொல்லிவிட்டுப் பிளாஸ்க்கை எடுத்துக்கொண்டு போனார்.

இதையும் எழுதி வைக்கிறேன்.

ஆகஸ்ட் 13, ஞாயிறு

காலையில் மூட்டையில் இருந்ததைப் பியூலாவிடம் கொடுத்தேன். வாங்கிக்கொண்டாள். அன்று ஆஸ்பத்திரியில் நான் இருந்திருக்க வேண்டும் என்றேன். “ஆமா,” என்றாள். பரவாயில்லை என்று சொல்லிவிடுவாளோ என்று பயந்தேன். சொல்லவில்லை.

ஆகஸ்ட் 16, புதன்

ராஜமணி என்னை மருத்துவரிடம் அழைத்துப் போனார். மாத்திரை, ஊசி, வாரம் ஒருமுறை வர வேண்டும். மருத்துவர் என் மாணவி. எழுந்து நின்று வணக்கம் சொன்னாள். எதற்காக வந்திருக்கிறேன் என்று நானே சொல்ல வேண்டியிருந்தது. இனி இப்படித்தான் போலிருக்கிறது, ஒவ்வொரு வாசலிலும்.

கை நடுங்குகிறது. எழுத்து கோணல்.

ஆகஸ்ட் 19, சனி

கிளம்பும்போது பியூலா சேலை மாற்றிக்கொண்டு வந்து நின்றாள். ஆல்வின் அவளிடம் என்ன சொன்னானோ தெரியாது. “நானும் வாறேன்,” என்றாள்.

பள்ளி மைதானத்தில் மரியசெல்வி என்னைப் பார்த்து லேசாகத் தலையை அசைத்துவிட்டு, “வாங்கக்கா,” என்று பியூலாவின் கையைப் பிடித்துக்கொண்டார். யாருக்காக வந்திருக்கிறாள் என்று கேட்கவில்லை. இருவரும் இரண்டாவது அறைக்குப் போனார்கள். நான் முதல் அறைக்குள் போய்ச் சுவரிலிருந்து தள்ளி, எதிர்வரிசையில் ஒரு நாற்காலியாகப் பார்த்து உட்கார்ந்தேன். இனி அந்தப் பக்கத்துப் பேச்சு என் காதில் விழக் கூடாது.

இன்று ஐந்து நிமிடம் பேசினேன். கோயிலில் வாசிப்புத் தடுமாறிய கதையைச் சொன்னேன். கண்ணாடியின் மேல் பழி போட்டதைச் சொன்னபோது இரண்டு மூன்று பேர் தலையாட்டினார்கள்.

திரும்பும் பேருந்தில் பியூலாவின் கண் சிவந்திருந்தது. என்ன சொன்னாள் என்று நான் கேட்கவில்லை. கேட்க எனக்கு வாயில்லை. அவள் சொல்லியிருக்கக்கூடியதில் பாதியை அதே அறையில் வேறு பெண்கள் சொல்லி நான் கேட்டிருக்கிறேன். மீதியை நான் அறிய மாட்டேன்.

வல்லநாடு தாண்டியதும் அவளே பேசினாள்.

“அந்த ரூமுல ஃபேன் ஓடல்ல. ஒரே புழுக்கம். அடுத்த வாரம் ஒரு விசிறி எடுத்துட்டு வரணும்.”

அந்த மின்விசிறி ஓடாது என்று எனக்குத் தெரியும். நான்கு சனிக்கிழமை அந்த அறையில் உட்கார்ந்திருக்கிறேன். அதைச் சொல்ல வெட்கமாக இருந்தது.

“எடுத்து வைக்கிறேன்,” என்றேன்.